நான்கு இரவுக்காரன்

மிட்வேலியில் நகரும் படிக்கட்டு முடிகிற இடத்தில்
என்னைப் பிடித்துவிட்டாள் தர்ஷாயினி.
கழுத்தில் வங்கியின் அட்டை, விரலிடுக்கில் பேனா,
பின்னால் நீலப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு.
கார்டு எடுத்தால் பெட்டி இலவசம்.
"அண்ணே, அடிக்கடி வெளியூர் போவீங்களா?"

வருடத்துக்கு நான்கு இரவு என்றேன்.
அவள் முகத்தில் ஒரு விளக்கு அணைந்து
உடனே வேறொன்று எரிந்தது.
"அப்ப உங்களுக்கு வேற கார்டு.
பெட்ரோல், மளிகைக்குக் காசு திரும்பும்,
பன்னிரண்டு தடவை தேய்ச்சா வருடக் கட்டணம் இல்ல."

நான்கு இரவு என்பது நான் எண்ணிய எண் இல்லை.
ஜாலான் டூத்தாவில், மலாயில்,
மூன்றாம் பத்தியில் தட்டச்சாகி வந்தது:
விடுமுறைக்கு ஓர் இரவு,
சனி காலை பத்திலிருந்து ஞாயிறு மாலை நான்குவரை,
பினாங்கு மாநில எல்லைக்குள்.

பண்டகசாலையில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன் நான்.
கட்டம் போட்டால்தான் எதுவும் விளங்கும்.
செந்தூல் வீட்டில், மீன் வறுத்த வாடை போகாத மேசையில்,
நோட்டை விரித்தேன்.

கடற்கரை விடுதியின் விசுவாசத் திட்டம்.
(விசுவாசத்துக்குப் புள்ளி உண்டு என்பதே
எனக்கு அன்றுதான் தெரியும்.)
இரவுக்கு ஆயிரம் புள்ளி.
இலவச இரவுக்கு இருபதாயிரம்.
ஐந்து வருடம் ஆகும்.
மிருணாவுக்கு இப்போது ஒன்பது.
அந்த இலவச இரவில் அவளுக்குப் பதினான்கு;
அப்பாவோடு ஒரே அறையில் தங்க
மனம் இருக்குமோ, டியூஷன் இருக்குமோ.
அதற்கும் முன்னால், எறும்பு எழுத்தில்:
இருபத்து நான்கு மாதத்தில் புள்ளிகள் காலாவதி.
எட்டாயிரம்வரை ஏறி
அங்கேயே உதிரும்.

"விடுதிக்கு எதுக்குடா விசுவாசம்,
மலிவா கெடச்ச எடத்துல படு" என்றான் சுகுணராஜ்.
போன வருடம் அப்படித்தான் படுத்தோம்.
ஞாயிறு பன்னிரண்டுக்கு அறையைப் பூட்டிக்கொண்டார்கள்.
பன்னிரண்டிலிருந்து நான்குவரை
குர்னி பேரங்காடியில், ஏர்கோனில்,
ஒரு மைலோவை இரண்டு மணி நேரம் குடித்தோம்.
ஈர நீச்சலுடை பிளாஸ்டிக் பையில் கனத்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளி உறுப்பினருக்கு அறை நான்கு மணிவரை.
நமக்கு வெள்ளி என்றால் சம்பளம்,
அவர்களுக்கு வெள்ளி என்றால் ஆள்.
ஆளாக வருடத்துக்குப் பத்து இரவு வேண்டும்.
அல்லது அந்த நீலக் கார்டு.

மறுசனிக்கிழமை தர்ஷாயினியைத் தேடிப் போனேன்.
"இது அடிக்கடி பறக்கிறவங்களுக்குண்ணே,
வருடம் முந்நூற்று இருபது, தள்ளுபடி கிடையாது.
உங்களுக்கு நஷ்டம்."
நல்ல பெண். விற்க வந்தவள் தடுத்தாள்.
நான்கு இரவு, நான்கு நான்கு மணி நேரம்,
பதினாறில் வகுத்தால் மணிக்கு இருபது வெள்ளி.
எனக்கு ஓவர்டைம் மணிக்குப் பதினாறு.
கையெழுத்துப் போட்டேன்.
கார்டில் இடம் போதாமல்
என் தகப்பன் பெயர் பாதியில் நின்றது.

ஆகஸ்ட். பத்து ஃபெரிங்கி.
பெரிய பெட்டிக்குள் என் இரண்டு சட்டைகள்
ரயில் முழுக்க உருண்டு வந்திருந்தன.
வரவேற்பில் இருந்தவர் திரையைப் பார்த்துக் குனிந்தார்.
"வெள்ளின்னா என்னப்பா?"
"லேட்டா போகலாம்."

ஞாயிறு பசியாறிவிட்டு, குளித்துவிட்டு,
சரியாகப் பன்னிரண்டுக்குத் தூங்கிப்போனாள்.
தாழ்வாரத்தில் மற்றவர்களின் பெட்டிச் சக்கரங்கள்
ஒவ்வொன்றாய் லிஃப்டுக்குப் போயின.
கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று இருந்தேன்,
எழுப்பவில்லை.
வாய் லேசாகத் திறந்து, ஒரு கால் என் மடிமேல்.
டிவியில் சத்தமில்லாமல் யாரோ சமைத்தார்கள்.

மூன்றே காலுக்குக் கண் திறந்தாள்.
வாசலுக்கு அவள் அம்மாவின் கார்
நான்கு அடிக்க வந்துவிடும்.
"இன்னும் எவ்ளோப்பா இருக்கு?"

பதினைந்து வெள்ளி என்று
சொல்லத் தெரிந்தேன்.